அரிதாரம் – 9: பகலில் வக்கீல், இரவில் இளவரசன்

சென்ற வாரம் சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் நிறுத்தினோம். ஆண்டு 1891. கூட்டத்தில் பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். பெயர் சம்பந்தம், பம்மல் விஜயரங்க முதலியாரின் பிள்ளை. ஷேக்ஸ்பியரை விரும்பிப் படிப்பவன், தமிழ் நாடகம் என்றால் மட்டும் முகம் சுளிப்பவன். இன்று நடக்கப்போவது தெலுங்கு நாடகம். பல்லாரியிலிருந்து வந்திருக்கும் சரச விநோதினி சபையார் திரையைத் தூக்கப்போகிறார்கள்.

தூக்கினார்கள்.

நடிப்பும் பாட்டும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் சம்பந்தத்தை உலுக்கிய விஷயம் வேறு. சபையின் தலைவர் தர்மவரம் கிருஷ்ணமாச்சார்லு பல்லாரியில் பெயர் பெற்ற வக்கீல். அவரோடு மேடையில் நின்றவர்களும் படித்தவர்கள், ஊரில் நாலு பேர் மதிக்கும் நிலையில் இருந்தவர்கள். மறுநாள் சோற்றுக்காக வேஷம் கட்ட வேண்டிய அவசியம் அவர்களில் யாருக்கும் இல்லை. ஆசைப்பட்டு நடித்தார்கள். அப்படியும் ஒருவன் நடிக்கலாமா என்ற கேள்வி அந்தப் பையனுக்குள் அன்று விழுந்தது.

இது அவ்வளவு பெரிய அதிர்ச்சியா என்று இன்றைக்கு நாம் கேட்கலாம். அதைப் புரிந்துகொள்ள, சம்பந்தத்தை ஹாலிலேயே கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லிவிட்டு, நம் வந்தவாசிப் பக்கம் ஒரு நடை வந்துவிட வேண்டும்.

*

அறுவடை முடிந்து, பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கொடியேறும். ‘எங்கள் ஊரில் பாரதம் வைத்திருக்கிறோம்’ என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லியனுப்புவார்கள். பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார். அவர் பகலில் சொன்ன கதை இரவில் கூத்தாக எழுந்து நிற்கும். வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுக்கு ஒன்றாக நகரும். சாப்பிட்டு முடித்த சனங்கள் கோரைப் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து களரியைச் சுற்றி இடம் பிடிப்பார்கள். பாய்க்குப் பெயர் போன ஊர் வந்தவாசி என்பதால் அதற்கு மட்டும் இங்கே பஞ்சம் வந்ததில்லை.

இந்தக் கூத்தை ஆடுகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று, தலைமுறை தலைமுறையாக இதையே தொழிலாகக் கொண்ட ஜமாக்கள். செய்யாற்றுப் பக்கம் புரிசைத் தம்பிரான்மார் அப்படிப்பட்டவர்கள். இன்னொரு வகையைப் பற்றி ஏடுகளில் அதிகம் எழுதப்படவில்லை. ஊர்க்காரர்களே ஒரு கூத்து வாத்தியாரை அமர்த்தி, மாதக்கணக்கில் பழகி, தங்கள் ஊர்க் களரியிலேயே அரங்கேறுவார்கள். இந்தத் தொடரின் நாயகர்கள் இவர்கள்தான்.

பகலெல்லாம் ஏரோட்டியவர், ஆரணிப் பக்கம் என்றால் தறியில் உட்கார்ந்தவர், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கோயில் மண்டபத்துக்கு வருவார். வாத்தியார் பழைய நோட்டைப் பிரித்து விருத்தத்தை ஒருமுறை பாடிக் காட்டுவார். எழுத்துத் தெரியாதவர் காதால் வாங்கி, மறுநாள் வயலில் வேலை செய்தபடியே முணுமுணுத்துப் பாடமாக்குவார். அடவு தவறினால் கைத்தாளம் நின்றுவிடும். முதலிலிருந்து ஆட வேண்டும். வாத்தியாருக்குச் சம்பளம், வேஷச் சாமான் வாடகை எல்லாம் ஆடுகிறவர்கள் தலையில்தான். சம்பாதிக்க வந்தவர் யாருமில்லை, செலவழித்து ஆடினார்கள். அரங்கேற்றத்தன்று மாமன் மச்சான்கள் களரிக்கே வந்து பணம் கொடுத்து மரியாதை செய்ய, கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்தி, கொடுத்தவர் பெயரை உரக்கச் சொல்லுவான். அந்த ஒரு நிமிஷப் பெருமை வருஷக்கணக்கில் பேசப்படும்.

களரியைவிட அதன் பின்னால் இருக்கும் கீற்றுக் கொட்டகையை நான் அதிகம் நேசிக்கிறேன். பொழுது சாய்ந்ததும் ஆட்டக்காரர்கள் அங்கே தரையில் வந்து உட்காருவார்கள். ஒரு கையில் சிறு கண்ணாடி. முகத்தை எழுதுவது மற்றொரு கை. முத்துவெள்ளை, மஞ்சள் அரிதாரம், செந்தூரம், கரிமை. ராஜ வேஷத்துக்கு முகம் எழுதி, கால்சட்டை, பாவாடை, சலங்கை எல்லாம் கட்டி முடிக்க மணிக்கணக்காகும். கிரீடம், புஜக்கட்டை, மார்புக்கட்டை எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. எடை குறைந்த மரம் அது. இல்லாவிட்டால் விடியும்வரை அதைச் சுமந்துகொண்டு கிறுக்கி சுற்ற முடியுமா? கட்டைகளின்மேல் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளும் தங்கநிறக் காகிதமும் விளக்கு வெளிச்சத்தில் சிதறும். முகம் எழுதத் தொடங்கும்போது அடுத்த வீட்டுக்காரரோடு வரப்புத் தகராறு பேசிக்கொண்டிருந்த மனிதர், நெற்றியில் கடைசிக் கோடு விழும்போது பேச்சை நிறுத்தியிருப்பார். துரியோதனன் வந்துவிட்டான்.

நடுச்சாமத்தில் இரண்டு பேர் துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து முதலில் குரல்தான் வரும், பிறகு சலங்கை, பிறகு கிரீடத்தின் நுனி. ராஜாவை முழுசாகக் காட்டாமல் எவ்வளவு நேரம் இழுக்க முடியுமோ அவ்வளவும் இழுப்பார்கள். வாராவாரம் ‘தொடரும்’ போடும் எனக்கே அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தது அந்தத் துணிதான்.

துகில் கூத்து அன்று நிலைமையே வேறு. திரௌபதியாக நிற்பவரும் ஆண்பிள்ளைதான். பகலில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கிழவிகள் அந்த நேரத்தில் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலையில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். கூட்டத்தில் சாமி வந்து ஆடுவார்கள். சில நேரம் ஆட்டக்காரருக்கே வந்துவிடும்.

கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்பார்கள். ஆட்டம் எப்போது முடியும் என்று ஒருவன் விடியலைத் தேடுவான். வேலை எப்போது முடியும் என்று மற்றவன் அந்தியைத் தேடுவான். நம் ஊர் ஆட்டக்காரர் இரண்டு திசையையும் பார்த்தார். அந்தியில் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்து வேஷம் கட்டினார். விடியலில் அரிதாரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி வயலுக்குப் போனார்.

இத்தனையும் இருந்தும், ஊரில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டால் வாயில் வரும் வசவு என்ன தெரியுமா? ‘போடா கூத்தாடி.’

*

இப்போது விக்டோரியா ஹாலுக்குத் திரும்புவோம். அந்த வசவு சென்னைக்கும் பொதுவானதுதான். கம்பெனி நாடகக்காரர்களின் பாட்டுக்கு உருகியவர்கள்கூட அவர்களுக்குத் தங்கள் வீட்டில் பெண் கொடுக்க யோசித்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு வக்கீல் மேடையேறி, மறுநாளும் வக்கீலாகவே மதிக்கப்பட்டார் என்றால், பதினெட்டு வயதுப் பையனுக்கு அது கதவு திறந்த மாதிரிதானே?

1891 ஜூலை 1. சம்பந்தமும் அவரைப் போலவே இளவட்டங்களான நண்பர்கள் சிலரும் கூடி ஒரு சபையைத் தொடங்கினார்கள். சுகுண விலாச சபை. ஆரம்பித்துவிட்டார்களே தவிர, கையில் ஒன்றுமில்லை. நடிக்கத் தெரிந்தவர் இல்லை, திரை இல்லை, சீன் இல்லை. அவர்கள் நினைத்த மாதிரி நடிக்கத் தமிழில் நாடகமும் இல்லை. நாடகத்தை நானே எழுதுகிறேன் என்றார் சம்பந்தம். ‘புஷ்பவல்லி’ அப்படிப் பிறந்தது. சபையின் முதல் நாடகம் அதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை. தமிழ் நாடகத்தில் மதிக்கத்தக்கது எதுவும் இல்லை என்று அந்த இளைஞர் எண்ணியது தவறு. அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறுவதையும், கர்ணன் களத்தில் விழுவதையும் நம் பக்கத்துக் களரியில் ஒரே ஒரு இரவு உட்கார்ந்து பார்த்திருந்தால், அவர் எழுதிய நாடகங்களின் நடையே மாறியிருக்கும் என்று நம்புகிறேன். பட்டணத்தில் ‘நாடகம்’ கௌரவம் பெற்றபோது, கிராமத்துக் கூத்து இன்னும் ஒரு படி கீழே தள்ளப்பட்டது. அதை ஈடுகட்ட நெடுங்காலம் ஆயிற்று. 1977-ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி, புரிசைக்கு வந்து கண்ணப்பத் தம்பிரானிடம் என்ன கண்டார் என்பது பின்னால் தனி அத்தியாயமாக வரும்.

ஆனால் சம்பந்தம் செய்த காரியத்தின் அளவை இதனால் குறைத்துவிட முடியாது. சுகுண விலாச சபையில் நடிகருக்குச் சம்பளம் கிடையாது. சந்தா கட்டும் உறுப்பினர்தான் நடிக்கலாம். நம் ஊரில் வாத்தியாருக்குக் காசு கொடுத்து ஆடிய குடியானவரும், சென்னையில் சந்தா கட்டி நடித்த வக்கீலும் இந்த ஒரு விஷயத்தில் அண்ணன் தம்பிகள். ஒருவரை ஒருவர் அறியாத அண்ணன் தம்பிகள். மாலையில் கோர்ட்டும் ஆபீசும் விட்டதும் ஒத்திகை. விடிய விடியப் பாட்டாக ஓடிக்கொண்டிருந்த நாடகத்தை, பேசும் தமிழில், சில மணி நேரத்துக்குள் அடங்கும்படி அவர்கள் மாற்றிக்கொண்டிருந்தார்கள். பாட்டு குறைந்தால் பாடம் கூடும். உரைநடை வசனத்தைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் விடக் கஷ்டமான கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. பெண் வேஷம் யார் போடுவது?

*

கௌரவமான வீட்டுப் பெண்கள் மேடையேறுவது அன்று நினைக்கவே முடியாத காரியம். ஆகவே கௌரவமான வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் மீசையை எடுத்துவிட்டு, சேலை கட்டி, சொந்தக்காரர்கள் முன் வரிசையில் உட்கார்ந்திருக்க, இன்னொரு ஆணைப் பார்த்து நாணப்பட வேண்டும். கிராமத்துக் களரியில் அம்மன் துணை நின்றாள். திரௌபதி வேஷம் ஒரு நேர்த்திக்கடனாகவும் ஆகலாம். சென்னை மேடையில் அந்தப் பாதுகாப்பு இல்லை. கலைமேல் இருந்த நம்பிக்கை மட்டும்தான் துணை.

அந்த நம்பிக்கையோடு சபைக்கு வந்தவர் சி. ரங்கவடிவேலு. இவரும் வக்கீல். சம்பந்த முதலியார் கதாநாயகன் என்றால் ரங்கவடிவேலு கதாநாயகி என்று வருஷக்கணக்கில் சென்னை ரசிகர்கள் பார்த்துப் பழகினார்கள். ஹாம்லெட்டைத் தமிழாக்கி ‘அமலாதித்யன்’ என்று போட்டபோதும் இந்த ஜோடிதான். மெர்ச்சண்ட் ஆஃப் வெனிஸ் ‘வாணிபுர வணிகன்’ ஆயிற்று. மாக்பெத் ‘மகபதி’ ஆயிற்று. நடுவே வயிறு குலுங்கச் சிரிக்க ‘சபாபதி’. பின்னாளில் 1941-ல் ஏ.வி. மெய்யப்பனின் படமாகி, டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் ஊரெல்லாம் கொண்டுபோன அதே சபாபதிதான்.

எல்லாவற்றுக்கும் மேலே ‘மனோகரா’. வசந்தசேனையின் மயக்கத்தில் கிடக்கும் ராஜா, ஒதுக்கிவைக்கப்பட்ட பட்டத்து ராணி பத்மாவதி, தாயின் ஒரு சொல்லுக்காகக் கோபத்தை அடக்கி நிற்கும் மகன். இளம் வயதில் சம்பந்தம் எழுதிய அந்த நாடகத்தைத் தொழில்முறைக் கம்பெனிகள் ஆசையோடு எடுத்துக்கொண்டன. தொழில் நடிகர்களைப் பார்த்து முகம் சுளித்த பையன் எழுதியதை, அதே தொழில் நடிகர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோய் வாழவைத்தார்கள். பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்த பையன்களுக்கெல்லாம் என்றைக்காவது மனோகரனாகச் சங்கிலியை அறுக்க வேண்டும் என்பதே கனவு. அவர்களில் ஒருவரான சிவாஜி கணேசன் 1954-ல் அதைத் திரையில் அறுத்துக் காட்டினார்.

சபைக்குள்ளும் அந்த வேஷத்துக்குக் கவர்ச்சி உண்டு. எஸ். சத்தியமூர்த்தி, ஆமாம், காங்கிரஸ் மேடைகளை அதிரவைத்த அதே தீரர் சத்தியமூர்த்தி, சுகுண விலாச சபையில் மனோகரனாக நின்றவர். நாடகக்காரர்களைத் தேச சேவைக்கு அழைத்துவந்த தலைவருக்கு அரிதாரத்தின் வாசனை சொந்த முகத்திலேயே பழக்கம்.

இப்படி முப்பது வருஷங்கள் ஓடின. சம்பந்தம், சம்பந்த முதலியார் ஆனார். பகலில் வக்கீல் அங்கி, இரவில் இளவரசன் உடை. இரண்டையும் ஒரே உடம்பில் சுமந்தார். எந்த வேஷத்துக்கு என்ன உடை, யார் ஒத்திகைக்கு வரவில்லை, எந்தக் காட்சியில் திரை சிக்கிக்கொண்டது என்பதையெல்லாம் மனசிலேயே வைத்திருந்து பிறகு ‘நாடக மேடை நினைவுகள்’ என்று எழுதினார். ஆறு பாகங்கள். அந்தக் காலத்துத் தமிழ் மேடையின் கொல்லைப்புறத்தை இவ்வளவு அருகில் நின்று காட்டும் புத்தகம் வேறு இல்லை.

அதன் பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் பெயர் ரங்கவடிவேலு. மேடையில் காதலன் காதலி, மேடைக்கு வெளியே ஆருயிர் நண்பர்கள்.

1923-ல் ரங்கவடிவேலு இறந்துபோனார்.

சம்பந்த முதலியாருக்கு அப்போது ஐம்பது வயது. எழுதிய காதல் வசனங்களை எந்த முகத்தைப் பார்த்துப் பேசுவாரோ அந்த முகம் இல்லை. இனி வேஷம் கட்டத்தான் வேண்டுமா என்று அவர் கலங்கி நின்ற வேளையில், அடுத்த ஆண்டு அரசாங்கத்திடமிருந்து ஒரு நியமனம் வந்தது. சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டுக்கு நீதிபதி!

வக்கீல் நடிக்கலாம் என்பதைப் பல்லாரிக்காரர்கள் காட்டிவிட்டார்கள். நீதிபதி நடிக்கலாமா? காலையில் தன் முன்னால் கைகட்டி நின்று வழக்காடியவர்கள் மாலையில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் ஹாலில், அவர்களைச் சிரிக்க வைக்க சபாபதியாக ஓடிவர ஒரு நீதிபதியால் முடியுமா? உயர்நீதிமன்றம் என்ன சொல்லும், ஊர் என்ன சொல்லும்?

நியமன உத்தரவை ஒரு பக்கமும், ஒப்பனைப் பெட்டியை மறுபக்கமும் வைத்துக்கொண்டு சம்பந்த முதலியார் எடுத்த முடிவு…

(தொடரும்)