கடை: கடைசியா, வாசலா?

விளைந்த இடத்திலிருந்து புறப்பட்டுப் பல கை மாறிப் பொருள் கடைசியாக வந்து சேரும் இடம், ஆகவே அது கடை என்கிறார்கள். மேடையில் கைதட்டல் வாங்கும் விளக்கம்தான். ஆனால் மொத்த வணிகர் இருக்குமிடமும் கடைதானே? அங்கிருந்து சரக்கு இன்னும் நாலு ஊர் போயாக வேண்டும். விளைச்சல் முதல் நுகர்வு வரை சங்கிலி கோத்துப் பார்ப்பது பொருளியல் பாடநூல் தந்த பழக்கம். சொல்லை ஆக்கியவன் கண்ணெதிரே கண்டதற்குப் பெயர் வைத்தான். அவன் கண்டது வாசலை.

கடைக்கு முனை, எல்லை என்பவை அடிப்பொருள்கள்; அதில் எனக்கு வழக்கில்லை. வீட்டின் எல்லை வாசல், எனவே வாசலும் கடை. சங்கப் பாட்டில் பரிசிலர் போய் நிற்கும் நெடுங்கடை அதுவே. குறள் 142இல் வரும் பிறன்கடையும் அதுவே. கலிங்கத்துப்பரணியின் ‘கடை திறப்பு’ மகளிரைக் கதவு திறக்க அழைக்கும் பகுதி. அங்கே யாரும் சேலை வாங்கப் போகவில்லை. கொல்லைப்புறத்தைப் புழக்கடை என்கிறோமே, அது புழைக்கடை, அதாவது பின்வாசல். இனி, வாசலில் விற்பனை நடந்ததா என்று கேட்பார்கள். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் பலரும் நுழையும் மனையின் வாயிலில் கள் விற்பதற்கான கொடி ஆடுகிறது. மனை, வாயில், விற்பனை மூன்றும் ஒரே இடத்தில்! (விற்பனைக்கு அந்நூலில் ‘நொடை’ என்று ஓர் அழகான சொல் உண்டு, கைவிட்டுவிட்டோம். கொடியின் வேலையை 2003 முதல் டாஸ்மாக் பலகை பார்க்கிறது.) சந்தைக்கு அன்று அங்காடி, ஆவணம் என்று தனிச்சொற்கள் இருந்தன, மதுரைக்காஞ்சியில் நாளங்காடியும் அல்லங்காடியும் உண்டு. ஆவணம் இன்று பத்திரமாகிவிட்டது. கன்னடமும் தெலுங்கும் அங்கடியைப் பேச்சில் வைத்திருக்க, நாம் அதை அரசுப் பலகைக்கு ஒதுக்கிவிட்டு வாசலின் பெயரைக் கொண்டோம். சிங்களவர் நம்மிடமிருந்து எடுத்ததும் ‘கடே’ என்று இதைத்தான்.

சிலப்பதிகாரத்தைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. புகாரின் நாளங்காடி சோலையில் இருந்தது, நெருங்கி நின்ற மரங்களே கடைகளுக்குக் கால்கள். வீடே இல்லாத இடத்தில் வாசல் ஏது என்பது அவர்கள் கேள்வி. இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு திறப்பு, அதில் ஒருவர் அமர்ந்து விற்க, எதிரே ஒருவர் நின்று வாங்குகிறார். வாசலுக்கு நிலைக்கால் இரண்டு போதும், பின்னால் வீடு வேண்டியதில்லை. மதுரைப் புதுமண்டபத்தில் தூணுக்கும் தூணுக்கும் இடையே தையற்காரர்களும் புத்தகக்காரர்களும் அண்மைக்காலம் வரை இருந்த இருப்பும் இதுவே. ‘கடை விரித்தல்’ என்ற வழக்கைக் கொண்டு விரிப்பே மூலம் என்பாருக்கு மறுமொழி தேவையில்லை. விரித்தல் வினை, கடை இடம்.

நம் கடைத்தெருக்களின் மாற்றத்தையும் வாசலை வைத்தே அளக்கலாம். திண்ணையில் கல்லாப்பெட்டியோடு தொடங்கியது வீட்டின் முன்னறையை விழுங்கியது. பலகைக் கதவு போய் உருட்டுக் கதவு வந்தது. அதுவரை வாங்குபவர் நின்றது தெருவில்தான், வாசல் முழுக்க விற்பவருடையது. பல்பொருள் அங்காடியின் கண்ணாடிக் கதவுதான் வாங்குபவரை உள்ளே விட்டு, தாமே எடுத்துக்கொள்ளச் சொன்னது. இப்போது கைப்பேசியில் சொன்னால் மளிகை வாங்குபவரின் வாசலுக்கே வந்து நிற்கிறது. பிறன்கடை நிற்கும் வேலை வணிகருக்கு வந்துவிட்டது.

கடைசி என்பதே கடை என்று இன்னும் சாதிப்பவர்கள் முதலில் புழக்கடைக்குப் பொருள் சொல்லட்டும். மற்றதைப் பிறகு பேசலாம்.