வீடுகள் காத்த வேதம்

வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு ஆகிய ஏழு துறைகளையும் சேர்த்து முத்துக்குளித்துறை என்பர். இக்கரையின் பரதவர் 16ஆம் நூற்றாண்டில் கிறித்தவரானார்கள். அன்று முதல் அவர்களது வேத வாழ்வைக் குருக்களோடு சேர்ந்து தாங்கி நின்றவர்கள் குடும்பத்தாரும் ஊர்ப் பெரியவர்களும்தான்.

முத்துக்குளிப்பு உரிமையை ஒட்டி எழுந்த மோதலில் பாதுகாப்புத் தேடி, 1535ஆம் ஆண்டையொட்டிப் பட்டங்கட்டிகள் எனப்பட்ட பரதவரின் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்ச்சுக்கீசியரின் துணையை நாடினர். அதைத் தொடர்ந்து 1537க்குள் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். முடிவெடுத்தவர்கள் சமூகத் தலைவர்கள். அவர்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் குடும்பங்கள் மொத்தமாகத் திருமறையில் சேர்ந்தன. ஆனால் ஜெபங்களையும் கட்டளைகளையும் தமிழில் சொல்லிக் கொடுக்க ஆளில்லை.

1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் இந்தக் குறையைத் தீர்க்க முனைந்தார். இரு மொழியும் அறிந்தவர்களின் உதவியோடு விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம், மங்கள வார்த்தை ஜெபம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருக்களில் நடந்து சிறுவர்களைக் கூட்டி அவற்றைக் கற்பித்தார். கற்றதைப் பெற்றோருக்கும் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லித் தரும் பொறுப்பை அச்சிறுவர்களிடமே ஒப்படைத்தார். நோயாளிகளின் வீடுகளுக்கும் அவர்களையே ஜெபிக்க அனுப்பினார். அந்தத் தலைமுறையில் வேதம் பிள்ளைகளிடமிருந்து பெற்றோரைச் சென்றடைந்தது. 1544 சனவரியில் அவர் எழுதிய நீண்ட கடிதம் இச்செய்திகளைத் தருகிறது.

ஊர்களை விட்டுப் போகும்போது ஜெபங்களின் எழுத்துப்படி ஒன்றை அவர் விட்டுச் சென்றார். எழுதத் தெரிந்தவர்கள் அதைப் படியெடுத்து, மனப்பாடம் செய்து, நாள்தோறும் சொல்ல வேண்டும் என்பது அவர் வகுத்த ஒழுங்கு. ஊர்தோறும் கணக்கப்பிள்ளை என்னும் பொறுப்பாளர் அமர்த்தப்பட்டார். பின்னாளில் உபதேசியார் எனப்பட்ட இவர் கோயிலில் ஜெபம் நடத்தினார். உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்த குழந்தைக்கு ஞானஸ்நானமும் கொடுத்தார். இவர்களின் ஊதியத்துக்காக, போர்ச்சுக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த 4,000 பணத்தைச் சவேரியார் கேட்டுப் பெற்றார்.

சவேரியாருக்கு அடுத்து வந்த குருவான அன்றிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, இந்தப் பணிக்கு நூல்களின் துணையைச் சேர்த்தார். 16 பக்கங்கள் கொண்ட ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. அதன் அச்சுச் செலவுக்குப் பரதவர் பொருளுதவி செய்தனர். ‘கிரிசித்தியானி வணக்கம்’ 1579இல் கொச்சியில் வெளிவந்தது. புனிதர்களின் வரலாற்றைக் கூறும் ‘அடியார் வரலாறு’ 1586இல் அச்சேறியது. 1600இல் அடிகளார் மறைந்தபோது, ஜெபங்களும் மறைக்கல்வியும் தமிழ் அச்சு நூல்களாக இக்கரைக்குக் கிடைத்திருந்தன.

1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றியது இந்த அமைப்புக்குப் பெரும் சோதனையானது. சீர்திருத்த சபையைச் சார்ந்த அவர்கள் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். கோயில்களைத் தங்கள் வசம் எடுத்துக்கொண்டனர். டச்சுப் போதகர் பால்டேயஸ் முயன்றும் பரதவர் அந்தச் சபைக்கு மாறவில்லை. கோயில் கைவிட்டுப் போன காலத்தில் வழிபாட்டுக்கு எஞ்சிய இடம் வீடு. மனப்பாடமாக இருந்த ஜெபங்களும் ஜெபமாலையும் அங்கே தொடர்ந்தன. டச்சு ஆட்சிக்கு அப்பாலிருந்த உள்நாட்டுப் பகுதிகளில் தங்கிய குருக்களைத் தேடிச் சென்று மக்கள் திருவருட்சாதனங்களைப் பெற்றனர். கட்டுப்பாடு தளர்ந்தபின், தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில் 1713இல் புதிதாக எழுந்தது.

குடும்பங்களுக்கு மேல் நின்று சமூகத்தை ஒன்றுபடுத்தியவர் சாதித்தலைவர். பரம்பரையாக வந்த இந்தத் தலைமை முத்துக்குளிப்பு விவகாரங்களையும் மாதா திருவிழாவையும் சேர்த்தே கவனித்தது. 1806இல் பனிமய மாதாவுக்குப் பொன்தேர் செய்தளித்த கபிரியேல் தக்குரூஸ் வாஸ் கோமஸ் அவ்வாறான தலைவர்களுள் ஒருவர்.

1923இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமானது. அதன் முதல் ஆயர் திபூர்சியுஸ் ரோச், நவீன காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறையின் முதல் இந்திய ஆயராகப் பொறுப்பேற்றார். இக்கரையின் வீடுகள் முன்பே செய்துவந்ததற்கு ஒப்ப, 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று குறிப்பிட்டு, பெற்றோரே பிள்ளைகளுக்கு முதல் வேதபோதகர்கள் என வலியுறுத்தியது. இன்று அயல் குடும்பங்கள் வீடுகளில் கூடி வேதம் வாசித்து ஜெபிக்கும் அன்பியங்கள் தமிழகப் பங்குகள் பலவற்றில் இயங்குகின்றன. பொதுநிலையினரே அவற்றை நடத்துகின்றனர்.