வெள்ளை அரிசி முடக்கிய இளைஞர்கள்: மலாயாவில் பெரிபெரி

‘இளவயதில் தவறான உணவுப் பழக்கம்’ என்று தலைப்புக் கொடுத்தால் படிவம் 4, 5 மாணவர்களின் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி வரும். துரித உணவு, உடல் பருமன், நீரிழிவு, அப்புறம் முடிவுரை. தவறு ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் தலைப்புக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே வலுவான எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. அதில் பர்கரும் இல்லை, கோழிப் பொரியலும் இல்லை. வெறும் வெள்ளைச் சோறுதான்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான் ஈயச் சுரங்கங்களுக்குத் தென்சீனாவிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வந்தார்கள். மண்வெட்டி பிடித்து நாள் முழுக்க வேலை செய்யக்கூடிய திடமான உடம்பு. கொங்சி வீட்டில் தங்கினார்கள். அங்கே கிடைத்ததைச் சாப்பிட்டார்கள். சோறுதான் பிரதானம், தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் கருவாடு, காய்கறி. சில மாதங்களில் கால் மரத்துப்போகும். கெண்டைக்காலை அழுத்தினால் உயிர் போகிற வலி. குந்தி உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியாது. சிலருக்குக் கால் வீங்கி, விரலால் அழுத்திய இடம் குழியாகவே நிற்கும், மூச்சு வாங்கும், நேற்று நடமாடியவர் இன்று இதயம் நின்று இறந்து கிடப்பார். இதுதான் பெரிபெரி.

காரணம் என்ன? கிருமி என்றார்கள் சிலர். ஈர மண், கெட்ட காற்று என்றார்கள் சிலர். இனத்தைக் காரணம் காட்டியவர்களும் இருந்தார்கள். ஏனென்றால் அதே நாட்டில், அதே வெயிலிலும் மழையிலும் உழைத்த தமிழர்களுக்கு இந்த நோய் அரிதாகவே வந்தது.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சீனர்கள் தின்றது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கல் அரிசி. கம்பத்து மலாய்க்காரர்கள் வீட்டிலேயே உரலில் குத்திய அரிசியைச் சாப்பிட்டார்கள், அவர்களுக்கும் நோயில்லை. ஆனால் சிறையில் சயாம் அரிசி உண்ட மலாய்க்காரர்களுக்கு நோய் வந்தது. ஆக, இனம் காரணமில்லை. தட்டில் இருப்பதுதான் காரணம். இதை அவர் 1907இல் நூலாகவே வெளியிட்டார். இதில் பாதிதான் சரி. அரிசியைச் சரியாகப் பிடித்த அவர், பழைய அரிசியில் வளரும் பூஞ்சையின் நஞ்சே நோயைத் தருகிறது என்று நினைத்துவிட்டார்.

பிளெட்சர் என்ற இன்னொரு மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். இடம், கோலாலம்பூர் மனநோயாளர் விடுதி. 1905 இறுதியில் அங்கிருந்தவர்களை வரிசையாக நிறுத்தி எண் சொல்ல வைத்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு வார்டுக்குப் போனார்கள். அவர்களுக்குப் பழையபடி சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண்காரர்கள் எதிர் வார்டுக்கு. அவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற உணவு இரு தரப்புக்கும் ஒன்றே. இடத்தில் குறையோ என்ற சந்தேகம் வரக்கூடாது என்று, நடுவில் இரு குழுவினரையும் வார்டு மாற்றியும் பார்த்தார். 1906 முடிவில் பச்சரிசிக் குழுவில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கல் அரிசிக் குழுவில் அந்த நோயால் ஒருவர்கூட இறக்கவில்லை.

அறிவியல் ஆசிரியர்கள் இதை மாறிகள் பாடத்துக்கு அழகாகப் பயன்படுத்தலாம். ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைப்பது என்றால் என்ன என்று காட்ட இதைவிடத் தெளிவான உள்நாட்டு எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஆனால் அந்த 18 பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும். கேட்டாலும் மறுக்கும் நிலையில் அவர்கள் இல்லை. வகுப்பில் உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி தேடுகிறவர்களுக்கு இது ஒன்றே போதும்.

அடுத்து பிரேசர், ஸ்டான்டன் இருவரும் வந்தார்கள். 1900இல் தொடங்கப்பட்ட கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்தவர்கள். நெகிரி செம்பிலான் காட்டுக்குள், துரியான் திப்புஸ் அருகே சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்தார்கள். வெள்ளை அரிசி உண்ட பக்கத்தில் ஏறக்குறைய மூன்று மாதத்தில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றினால் நோயும் இடம் மாறியது. பிறகு கோழிகளுக்குப் புதிதாகத் தீட்டிய அரிசியைப் போட்டார்கள். அவற்றுக்கும் கால் முடங்கியது. புது அரிசியில் ஏது பூஞ்சை? தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தால் கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக, அரிசியில் நஞ்சு சேரவில்லை. அதிலிருந்து எதையோ நாமே உரித்து எறிந்துவிட்டோம்! 1910இல் மணிலாவில் கூடிய மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசியையே முதன்மை உணவாக உண்பதற்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஏற்றுக்கொண்டது.

உரித்து எறிந்தது தயமின், அதாவது வைட்டமின் பி1. பத்தேவியாவில் 1926இல்தான் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள இந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் ஆலையில் தீட்டினாலும் பெரும்பகுதி தங்கும். நம் பாட்டிமார்களுக்கு வைட்டமின் தெரியாது. சீக்கிரம் பூச்சி பிடிக்காது, குத்தும்போது குறைவாக உடையும், அவ்வளவுதான் கணக்கு. எனவே இதை ‘முன்னோர் விஞ்ஞானம்’ என்று மாணவர்கள் எழுதினால் மதிப்பெண் போடுவதற்குக் கொஞ்சம் யோசியுங்கள். அது பழக்கம் தந்த பாதுகாப்பு. அதே தமிழர்கள் தோட்டங்களில் மலேரியாவாலும் வயிற்றுப்போக்காலும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அங்கே எந்த அரிசியும் காப்பாற்றவில்லை.

இனி நம் தலைப்புக்கு வருவோம். பெரிபெரி ஏன் இளைஞர்களை அதிகம் தாக்கியது? மாவுச்சத்தை ஆற்றலாக மாற்றத் தயமின் வேண்டும். சோறு கூடக் கூடத் தயமின் தேவையும் கூடும். கடும் உழைப்பும் அதைக் கூட்டும். நிறைய உழைத்து, நிறையச் சோறு தின்கிற வயசு அது. உடம்போ தயமினைச் சில வாரங்களுக்கு மேல் சேமித்து வைக்காது. முதலில் அடி வாங்குபவை நரம்பும் இதயமும். தயமின் கொடுத்தால் இதயம் வேகமாகத் தேறும். நரம்பு அப்படியில்லை. மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு முழுதாகத் திரும்புவதே இல்லை. வயிறு நிறைந்திருந்தது, பசியே இல்லை, இருந்தும் உடம்பு பட்டினி கிடந்தது.

சுரங்கத் தொழிலாளிக்காவது தட்டில் என்ன விழும் என்பதை முதலாளி தீர்மானித்தார். 1970களில் ஜப்பானில் பெரிபெரி மீண்டும் தலைகாட்டியது. சிக்கியவர்களில் பதின்ம வயதினர் பலர். வறுமை காரணமில்லை. அவர்கள் விரும்பிச் சாப்பிட்டது வெள்ளைச் சோறு, உடனடி மீ, இனிப்புக் குளிர்பானம்.