ஊருக்கு அனுப்பும் பணம்: கையில் ரசீது இருக்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை வந்தால் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் உள்ள பணம் அனுப்பும் கடைகளில் கூட்டம் கூடிவிடும். உணவகம், முடிதிருத்தும் நிலையம், பழைய இரும்புக் கடை, தோட்டம் என்று பல இடங்களில் வேலை செய்யும் தமிழகத் தொழிலாளர்களுக்குப் பெரும்பாலும் அன்றுதான் ஓய்வு. வீட்டுக் கடன், தங்கையின் கல்யாணம், இங்கு வருவதற்காக ஏஜெண்டிடம் கட்டிய தொகைக்கு வட்டி என எல்லாமே அவர்கள் அனுப்பும் பணத்தை நம்பித்தான் இருக்கின்றன. அந்தப் பணம் எந்த வழியில் போகிறது என்பதைப் பொறுத்தே அதற்குப் பாதுகாப்பு.

அன்றைய உண்டியல், இன்றைய உண்டியல்

மலாயாவில் தமிழர்களின் பணப் போக்குவரத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. தோட்டத் தொழிலாளர்கள் தபால் நிலையத்தில் மணியார்டர் எடுத்தார்கள். வணிகர்களோ கோலாலம்பூர் லெபோ அம்பாங் கிட்டங்கிகளில் இருந்த நகரத்தார்களை நாடினார்கள். அவர்கள் தந்த உண்டியல், யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று எழுதிய பணமுறி. வெளிநாட்டு வணிகத்தையும் அந்நியச் செலாவணியையும் குறிவைத்தே 1937 பிப்ரவரி 10ஆம் நாள் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் அது ஒரே நாளில் திறக்கப்பட்டது.

இன்று உண்டியல் என்று சொல்லப்படுவது வேறு. இங்கு ஒருவரிடம் வெள்ளியைக் கொடுத்தால், அவருடைய கூட்டாளி ஊரில் வீட்டு வாசலில் ரூபாயைக் கொடுப்பார். பணம் எல்லையைத் தாண்டுவதில்லை; இரு பக்கக் கணக்கும் பிறகு நேர் செய்யப்படும். எழுத்து எதுவும் கிடையாது. பெர்மிட் கேட்பதில்லை, விலையும் சற்றுக் கூட என்பதால் பலர் இதை நாடுகிறார்கள். ஆனால் ஆள் தலைமறைவானால் போலீசில் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. ஊரில் குடும்பத்தின் கணக்கில் போடப்படும் தொகை மோசடிப் பணமாக இருந்தால் அந்தக் கணக்கே முடக்கப்படலாம்.

சட்டமும் இதை அனுமதிப்பதில்லை. மலேசியாவின் 2011ஆம் ஆண்டு பணச் சேவை வர்த்தகச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் இத்தொழில் செய்பவருக்கு 50 லட்சம் வெள்ளி வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இந்தியாவிலும் இது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்துக்கு எதிரானது.

கடையில் கவனிக்க வேண்டியவை

உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் பேங்க் நெகாரா இணையத்தளத்தில் உள்ளது. நாணயம் மாற்றுவதற்கான உரிமமும் பணம் அனுப்புவதற்கான உரிமமும் வெவ்வேறு. மாற்றுவதற்கு மட்டும் அனுமதி பெற்ற கடை, ஊருக்குப் பணம் அனுப்ப முடியாது.

சேவைக் கட்டணத்தை மட்டும் பார்ப்பது பலர் செய்யும் தவறு. உதாரணமாக 1,500 வெள்ளி அனுப்பும்போது, ஒரு கடை 5 வெள்ளி கட்டணம் எடுத்து வெள்ளிக்கு 20 ரூபாய் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரில் 29,900 ரூபாய் கிடைக்கும். இன்னொரு கடை 12 வெள்ளி எடுத்து 20 ரூபாய் 30 காசு தந்தால் 30,206 ரூபாய் கிடைக்கும். கட்டணம் அதிகமான கடையில்தான் 306 ரூபாய் லாபம். ஆகவே "கையில் எவ்வளவு கிடைக்கும்" என்று கேட்பதே சரி.

வங்கிக் கணக்கு எண்ணை இருமுறை சரிபார்க்க வேண்டும். இந்தியாவில் பெயரைப் பார்த்து அல்ல, எண்ணை வைத்தே பணம் வரவு வைக்கப்படுகிறது. ஐஎஃப்எஸ்சி குறியீடு 11 எழுத்துகள் கொண்டது. ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். 2020இல் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் வங்கியோடும் இணைந்தன. பழைய பாஸ்புக்கில் உள்ள குறியீட்டை நம்பாமல் புதியதைக் கேட்டுப் பெறுவது நல்லது.

தொழிலாளியின் சொந்தக் கணக்கு

இங்கு வங்கிக் கணக்கு திறக்க, பொதுவாகக் கடப்பிதழ், செல்லுபடியாகும் வேலை பெர்மிட், முதலாளியின் கடிதம் ஆகியவை கேட்கப்படும். கடப்பிதழை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டால் கணக்கும் திறக்க முடியாது, கடையில் பணமும் அனுப்ப முடியாது. பிறர் கடப்பிதழைப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டு கடப்பிதழ் சட்டப்படி குற்றம்.

ஊரில் தம் பெயரில் சேமிக்க விரும்புவோர் என்ஆர்இ கணக்கு தொடங்கலாம். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. தேவைப்பட்டால் பணத்தைத் திரும்ப வெளிநாட்டுக்குக் கொண்டுவரவும் தடையில்லை. ஊரில் ஏற்கெனவே உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும்.

உள்ளூர் அன்பர்களுக்கு

"அண்ணே, பெர்மிட் முடிஞ்சிருச்சு, உங்க ஐசியில அனுப்பிக் கொடுங்க" என்று தெரிந்த தொழிலாளி கேட்பது நம் மக்களுக்குப் புதிதல்ல. இரக்கப்பட்டுச் செய்தாலும், பதிவில் அனுப்பியவர் அடையாள அட்டைக்காரரே. பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். பெர்மிட் சிக்கலைத் தீர்க்க முதலாளியிடம் பேசுவதற்கோ தூதரகத்தை அணுகுவதற்கோ துணை நிற்பதே உண்மையான உதவி.

நாடு திரும்பும் தொழிலாளர்களிடம் ஏடிஎம் அட்டையை விலைக்குக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு மோசடிக் கும்பலின் கைக்குப் போனால் வழக்கு கணக்குக்காரர் பெயரிலேயே வரும். விமானம் ஏறும் முன், வர வேண்டிய சம்பளத்தையும் 2025 அக்டோபர் முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் பிடிக்கப்படும் இபிஎஃப் தொகையையும் கேட்டறிந்து, பிறகு கணக்கை மூட வேண்டும்.

கடையின் உரிமம் பற்றிய சந்தேகங்களுக்கும் புகார்களுக்கும் பேங்க் நெகாராவை 1-300-88-5465 என்ற எண்ணில் அழைக்கலாம். மோசடியில் வங்கிப் பணத்தை இழந்தவர்கள் தாமதிக்காமல் 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும். அனுப்பிய பணத்தின் ரசீதைக் கைபேசியில் படம் பிடித்து, அன்றே ஊரில் உள்ளவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பி வைப்பது நல்லது.