மன்னார் முத்துக்குளிப்பு முகாம்களில் வெளியூராரின் வாழ்க்கைச் செலவு

மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி ஆகிய கரையூர்களில், முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளில் மட்டும் முகாம் நகரங்கள் எழுந்து ஆறேழு வாரங்களில் கலைந்தன. அங்கு வந்து தங்கிய சுழியோடிகள், வணிகர்கள், கைத்தொழிலாளர், அதிகாரிகள் ஆகியோரின் வரவுசெலவைப் பற்றியது இக்கட்டுரை. 1905ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டி முகாமில் ஏறத்தாழ 40,000 பேர் கூடினர். அக்காலக் கண்டி நகரத்தின் மக்கள்தொகையைவிட இது அதிகம். முகாமில் கச்சேரி, நீதிமன்றம், மருத்துவமனை, தபால் தந்தி நிலையம், கடைத்தெருக்கள் எல்லாம் இருந்தன. அவற்றோடு, வெளியூரார் கூடும் எந்தப் பெருநகரத்துக்கும் உரிய விலையேற்றமும் இருந்தது.

பழைய காலம்

மன்னார்க் கரையில் அயலார் தங்கி வாழ்வது முத்துக்குளிப்போடு தொடங்கியதன்று. தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள மாதோட்டம், திருக்கேதீச்சரம் அமைந்த பழந்துறை. சம்பந்தரும் சுந்தரரும் அத்தலத்தைப் பாடியுள்ளனர். 1980களில் அங்கு நடந்த அகழாய்வில் சீனப் பீங்கானும் பாரசீக மெருகேற்றிய மட்கலமும் கிடைத்தன. தமிழக வணிகரும் மேற்காசிய வணிகரும் காற்று மாறும்வரை தங்கியிருந்த துறை இது. காற்றுக்காகக் காத்திருப்பவன் அத்தனை நாளும் உண்ணவேண்டும். சரக்கைக் காக்க ஆள் வைக்கவேண்டும். பழைய கடல்வணிகத்தில் கப்பற்செலவுக்கு இணையான பெருஞ்செலவாக இதைக் கருதுவது தவறாகாது. மன்னார்த் தீவில் இன்றும் நிற்கும் பெருக்கமரங்கள் ஆப்பிரிக்காவுக்கு உரியவை. அவற்றை அரபு வணிகர் கொண்டுவந்து நட்டனர் என்று கருதப்படுகிறது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழியே சென்ற மார்க்கோ போலோ, சுழியோடிகளைக் கூலிக்கு அமர்த்தும் வணிகர் தம் வரவில் பத்தில் ஒரு பங்கை அரசனுக்கும், இருபதில் ஒரு பங்கைச் சுறாமீனை மந்திரத்தால் கட்டுவோருக்கும் கொடுத்ததாக எழுதியுள்ளார். இந்த இருபதில் ஒரு பங்கு கவனிக்கத்தக்கது. கடலில் இறங்குபவனின் அச்சத்தைப் போக்குவதற்கு ஆன செலவு அது. கடற்கட்டி எனப்பட்ட அந்த மந்திரக்காரருக்குப் படகுக்கு இத்தனை சிப்பி என்று கொடுக்கும் வழக்கம் ஆங்கிலேயர் காலம்வரை நீடித்தது. 1344இல் வந்த இபின் பதூதா, புத்தளத்தில் யாழ்ப்பாண அரசனான ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னிலையில் முத்துக் குவியலைக் கண்டதாகக் குறித்துள்ளார்.

1560இல் போர்த்துக்கேயர் மன்னாரில் கோட்டை கட்டி, முத்துக்குளித்துறைப் பரவர்களில் ஒரு பகுதியினரைத் தூத்துக்குடிக் கரையிலிருந்து இங்கு கொண்டுவந்து குடியேற்றினர். 1658இல் ஒல்லாந்தர் தீவைக் கைப்பற்றினர். ஒல்லாந்தர் காலத்தில் மதுரை நாயக்கர், சேதுபதி ஆகியோருக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ‘கல்’ வரியின்றி விடப்பட்டது. கல் என்பது சுழியோடி காலை ஊன்றிக் கீழிறங்கும் பாரக்கல். உரிமையும் வரியும் கல்லைக் கொண்டே எண்ணப்பட்டன.

சிப்பியே கூலி

முகாமுக்கு வந்த சுழியோடிக்கு நாட்கூலி இல்லை. அவன் கூலி சிப்பி. மற்ற நகரங்களுக்குப் பிழைக்கப் போனவனின் கணக்கிலிருந்து அவன் கணக்கு இதனால்தான் வேறுபட்டது.

மாசி பங்குனியில், இரு பருவக்காற்றுக்கும் இடையே கடல் அமைதியாக இருக்கும் நாட்களில்தான் குளிப்பு நடக்கும். நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் தோணிகள், சிப்பி விளையும் கடலடித் திட்டுகளான பார்களுக்குப் புறப்படும். நண்பகலுக்குப் பின் கடற்காற்றில் திரும்பும். வழக்கமாக ஒரு தோணிக்கு ஐந்து கல், பத்துச் சுழியோடிகள்; ஒருவன் இறங்க மற்றவன் இளைப்பாறுவான். மேலே நின்று கயிறு பிடிப்பவன் மண்டக்கு. தமிழ்ச் சுழியோடி மூக்கைக் கையால் பிடித்துக்கொண்டு இறங்குவான். அரபுச் சுழியோடி மூக்கில் கொம்புக் கவ்வி மாட்டிக்கொள்வான். வந்த சிப்பி முழுவதும் ‘கொட்டு’ எனப்பட்ட வேலியடைத்த களத்தில் கொட்டப்பட்டு, மூன்று சம குவியலாகப் பிரிக்கப்படும். இரண்டு குவியல் அரசுக்கு, ஒன்று தோணிக்கு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோணிக்குக் கிடைத்தது நாலில் ஒரு பங்கே. மூன்றில் ஒன்றானது பின்னால் வந்த மாற்றம். அந்தப் பங்கிலிருந்து தோணிக்காரனுக்குப் போனபின்பே மிச்சம் சுழியோடிக்கும் மண்டக்குக்கும் வரும்.

1905இல் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பி எடுக்கப்பட்டது. அரசுப் பங்கின் ஏலத்தால் ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய் வந்தது. கணக்குப் போட்டால் ஆயிரம் சிப்பிக்கு 46 ரூபாய் அளவில் ஆகிறது. இது ஆண்டுச் சராசரி மட்டுமே. ஏல விலை நாளுக்கு நாள் மாறியது. முதல் நாள் சிப்பியில் நல்ல முத்து கண்டால் மறுநாள் விலை ஏறும், காணாவிட்டால் விழும். சுழியோடி தன் பங்கை அன்றைக்கே கொட்டின் வாசலில் சில்லறையாக விற்றாகவேண்டும். அவனிடம் சிப்பியை அழுகவைத்துக் கழுவ இடமும் இல்லை, நாளும் இல்லை. அஞ்சும் பத்துமாக வாங்கியவர்களில் முடிதிருத்துபவர் முதல் பண்டாரம்வரை எல்லாரும் இருந்தனர். அவர்களுக்கு அது அதிர்ஷ்டச் சீட்டு. சுழியோடிக்கு அன்றைய அரிசி. விலை ஏறி இறங்கிய அபாயத்தில் கணிசமான பகுதி, முகாமிலேயே ஏழையாக இருந்தவன் தலையில் விழுந்தது. ஏல வருவாயின் பெருமைக்குப் பின்னால் இருந்தது இந்தப் பங்கீட்டு முறை. அது நியாயமன்று.

தண்ணீர், குடில், அரிசி

குளிப்புக் காலம் மன்னார்க் கரையின் வறட்சிக் காலத்தில் வந்தது. இப்பகுதிக்கு மழை ஐப்பசி முதல் மார்கழிவரை பெய்யும் வடகீழ்ப் பருவ மழையே. மாசியில் அருவியாறும் மோதரகம் ஆறும் மெலிந்துவிடும். கரையோரக் கிணறுகள் உவர்க்கும். ஆதலால் ஆற்றுப்படுகை ஊற்றையும் குளத்தையும் நம்பியே பல்லாயிரம் பேர் வாழவேண்டியிருந்தது. தண்ணீர் கெட்டால் வாந்திபேதி; வாந்திபேதி பரவினால் முகாமையே மூடவேண்டும். அழுகும் சிப்பியின் நாற்றமும் ஈயும் அந்த அச்சத்தைப் பெருக்கின. 1906இல் மறிச்சுக்கட்டியில் அதிகாரியாகப் பணிபுரிந்த லெனாட் வூல்ஃப், 1961இல் வெளியான தன்வரலாற்று நூலில் முகாம் வாழ்வைப் பதிவு செய்துள்ளார்.

குடில்கள் காட்டுக்கம்பாலும் கிடுகாலும் பனையோலையாலும் கட்டப்பட்டன. கம்பு அருகிலுள்ள முசலிக் காட்டில் கிடைத்தது. அரிசியின் பெரும்பகுதி கடல்கடந்து வந்தது. புகையிலை யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. மலிவாகக் கிடைத்த உணவு மீனும் கருவாடும். இலங்கையெங்கும் போலவே சாராய விற்பனையும் குத்தகைக்குப் போனது.

கீழக்கரை, தூத்துக்குடி, இராமேசுவரப் பகுதிச் சுழியோடிகளில் பலர் தோணி உடைமையாளரான சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டே தோணி ஏறினர். ஊரில் விட்டுவந்த குடும்பத்துக்கு அந்தப் பணம். முகாமில் பெற்ற பங்கிலிருந்து அது கழிக்கப்படும். பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபுச் சுழியோடிகளுக்கு நீண்ட பயணமே பெருஞ்செலவு. ஏலத்தில் மொத்தமாக எடுத்தவர்களில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் கீழக்கரை மரைக்காயர்களும் முன்னணியில் நின்றனர். நல்ல முத்தின் பெருஞ்சந்தை பம்பாய். ஆங்கில ஆட்சியின் தொடக்கத்தில் முத்துக்குளிப்புக் குத்தகைத் தொகை பரங்கிப்பேட்டை வராகனில் பேசப்பட்டது. இலங்கையில் ரூபாயும் சதமும் 1872இல் நடைமுறைக்கு வந்தபின் நாணய மாற்றுத் தொல்லை குறைந்தது.

அதிகாரிகளின் வாழ்வு வேறு தரத்தது. ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பில் கடலோரத்தில் தூண்கள் நிறுத்தி, டோரிக் எனப் பெயர்பெற்ற மாளிகையைக் கட்டுவித்தார். சில வாரங்கள் மட்டும் நடந்த குளிப்பை மேற்பார்வையிட எழுந்த கட்டடம் அது.

முத்தின் தரமும் செவ்வும்

முகாமில் எல்லாருடைய செலவையும் இறுதியில் தாங்கியது முத்தின் மதிப்பு. அம்மதிப்பைக் கணித்த முறை தமிழ்க் கணக்கின் அரிய சாதனை. முதலில் அளவு. ‘பெட்டி’ எனப்பட்ட பித்தளைத் துளைத்தட்டுகள் பத்து. அவற்றில் முறையே 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 துளைகள். 20 துளைத் தட்டில் தங்கும் முத்தே மிகப் பெரியது. 1000 துளையிலும் தங்காமல் விழுவது தூள். அடுத்தது தரம். உருண்டை வடிவும் ஒளியும் நிறைந்தது ஆணி. அதிலிருந்து சிறிது குறைந்தது அணதாரி. பின் மசங்கு, கலிப்பு, குறுவல், பீசல், மடங்கு என்று படிப்படியாக இறங்கும்.

எடை மஞ்சாடியிலும் கழஞ்சிலும். உயர்ந்த முத்தை எடைக்கு நேராக விலைபேசமாட்டார்கள், செவ்வுக்கே விலை. மொத்த எடையை மஞ்சாடியில் கண்டு, அதை அதனாலேயே பெருக்கி, அதில் முக்கால் எடுத்து, முத்தின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது செவ்வு. ஒரே முத்து 4 மஞ்சாடி இருந்தால் 16இல் முக்கால் 12 செவ்வு. ஒவ்வொரு மஞ்சாடியாக நாலு முத்து இருந்தால் மொத்த எடை அதே 4. செவ்வு 3 மட்டும். எடை மாறாமலே மதிப்பு நாலில் ஒன்றாகிவிடுகிறது. பெரிய முத்தின் அருமையைக் கூட்டல் கணக்கால் பிடிக்க முடியாது என்று கண்டவர் நம் வணிகர். வர்க்கத்தை வாய்க்கணக்காகவே போடும் தேர்ச்சி தரகரிடம் இருந்தது. முகாமில் சிறுமுத்துக்காரன் நட்டப்பட்டதும் பெருமுத்து கண்டவன் ஒரே நாளில் நிமிர்ந்ததும் இக்கணக்கினாலேயே.

குத்தகையும் முடிவும்

1902இல் கடலுயிரியலாளர்களான ஹேர்ட்மனும் ஹோர்னெலும் பார்களை ஆராய வந்தனர். அவர்களின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. 1906இல் பார்கள் 20 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க்கு ஒரு லண்டன் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் நிறுவனத்தின் காலத்தில் குளிப்பு நடக்கவில்லை. 1912இல் நிறுவனம் கலைந்தது. 1903 முதல் ஐந்தாண்டு இடைவிடாமல் வாரியதே பார்களை வெறுமையாக்கியது எனலாம். 1925இலும் 1958இலும் சிறு அளவில் குளிப்பு நடந்தது. வளர்ப்பு முத்து வந்தபின் முகாம் நகரம் மீண்டும் எழவில்லை.

இன்று

1914இல் தலைமன்னார்வரை ரயிலும் அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் வந்ததால் கடல்கடக்கும் செலவு குறைந்தது; 1964 புயலுக்குப் பின் இராமேசுவரத்துக்கு ஓடிய அக்கப்பல் 1984இல் நின்றது. உள்நாட்டுப் போரில் அறுந்த ரயில்பாதை 2015இல் தலைமன்னார்வரை மீண்டது. 2022இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் அரிசியும் மண்ணெண்ணெயும் எட்டாத விலைக்குப் போனபோது, மன்னார்க் கரையிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் தனுஷ்கோடிக்குப் படகேறின.