வெளுக்காத விரல்கள்

நிறத்தை வைத்து ஒரு நோயை அடையாளம் கண்டால், அந்த நிறம் எடுப்பாகத் தெரியாத உடம்புகளில் அது என்ன ஆகும்? ரேனோ நோயின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு இந்தக் கேள்விதான் வந்துகொண்டே இருந்தது.

1862இல் பாரிஸில் மோரிஸ் ரேனோ என்ற இளம் மருத்துவர் தன் ஆய்வேட்டில் இதை விவரித்தார். குளிர் பட்டதும், சிலருக்கு மனம் கலங்கினாலே, விரல்களின் சிறு தமனிகள் இறுகிக்கொள்ளும். விரல் முதலில் வெளுக்கும், பிறகு நீலம் பாரிக்கும், ரத்தம் திரும்பும்போது சிவந்து குத்தும். கோளாறு நரம்பு மண்டலத்தில் என்றார் ரேனோ. 1929இல் லண்டனில் தாமஸ் லூயிஸ் அதை மறுத்தார். நரம்பை மரக்கச் செய்த பிறகும் குளிரில் விரல் வெளுக்கிறது, ஆகவே பழுது விரலின் தமனியிலேயே இருக்கிறது என்றார். இரண்டுக்கும் பங்குண்டு என்பது இன்றைய புரிதல்.

இதற்கிடையில் கதை கல் பட்டறைக்குப் போய்விட்டது. 1918இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், பெட்ஃபோர்டு என்ற ஊரின் சுண்ணாம்புக்கல் தொழிலாளர்களை ஆலிஸ் ஹாமில்டன் ஆராய்ந்தார். காற்றழுத்தச் சுத்தியல் பிடித்தவர்களுக்குக் குளிர்காலக் காலைகளில் விரல்கள் செத்தாற்போல வெளுத்தன. உளியைப் பிடிக்கும் இடது கைக்குத்தான் பாதிப்பு அதிகம். காரணம், கருவியின் அதிர்வு.

பிரிட்டன் இதை நஷ்டஈடுக்குரிய தொழில்நோயாக ஏற்க 1985 ஆனது. அப்போதும் விரல் வெளுத்தால்தான் கணக்கு. அதே அதிர்வு நரம்பைக் கெடுத்து விரலை மரக்கச் செய்வது 2007இல்தான் பட்டியலுக்குள் வந்தது.

நமக்குச் சிக்கல் இங்கேதான். மலேசியக் கட்டடத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வில் மரத்துப்போதல் இருந்தது, வெளுப்பு இல்லை. வெப்ப நாட்டில் தமனி இறுகக் குளிர் போதாது. வெளுத்தாலும் கறுத்த தோலில் சட்டென்று தெரியாது. வெளுப்பை மட்டும் தேடும் மருத்துவர், பாறையில் துளைபோடும் நம்மூர்க்காரரை "ஒண்ணுமில்ல, போங்க" என்று அனுப்பிவிடலாம்.

திருத்தணி பக்கம் அம்மையார்குப்பம் தறி ஊர். அறுந்த இழையைத் தேடி முடிச்சுப்போடுகிறவருக்கு விரல் நுனிதான் கண். மார்கழிக் காலையில் "கை வெறச்சுப் போச்சு" என்றால் அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் அது வெறும் பனிதான். ஆனால் நடுவயதில் புதிதாகத் தொடங்கினால், ஒரு கையில் மட்டும் வந்தால், நுனியில் புண் வந்தால் அது வேறு. லூபஸ், ஸ்க்ளீரோடெர்மா போன்ற நோய்களின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

தோலில் தெரியாதது நகத்தடியிலும் உள்ளங்கைப் பக்கத்திலும் தெரியும். கேள்வியையும் மாற்றிக் கேட்கலாம். "வெளுக்குதா?" என்பதற்கு முன்னால், "மரத்துப் போகுதா? என்ன வேலை செய்றீங்க?"