வெப்பநிலையின் பதிப்பாசிரியர்

மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலைத் தொடர் 1659-இல் ஆரம்பிக்கிறது. கருவிகளை ஆதாரமாகக் கொண்ட மாதச் சராசரிகளில் உலகிலேயே நீண்டது இதுதான். அன்றிலிருந்து ஒரே சுவரில் ஒரே வெப்பமானி தொங்கிக்கொண்டிருந்ததாக எண்ணிவிடக் கூடாது. புவியியல் பேராசிரியர் கார்டன் மான்லி பல இடங்களின் குறிப்புகளைக் கோத்து உண்டாக்கிய தொடர் இது. 1953-இல் 1698 வரை பின்னோக்கிப் போனவர், 1974-இல் 1659-ஐ எட்டினார்.

அவருக்குக் கிடைத்தவை பாதிரிகளும் கனவான்களும் எழுதிவைத்த நாட்குறிப்புகள். பலர் வெப்பமானியை வெளியே வைக்காமல், வடக்குப் பார்த்த, கணப்பு மூட்டாத அறையில் மாட்டியிருந்தார்கள். ஃபாரன்ஹீட் தன் அளவையை 1724-இல் வெளியிடுமுன் ஆளுக்கொரு அளவை. 1752 வரை இங்கிலாந்தின் காலண்டரே கிரெகோரியன் காலண்டருக்குப் பத்துப் பதினோரு நாள் பின்தங்கியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் விழுந்த இடைவெளியை ஹாலந்தின் உட்ரெக்ட் நகரத்துக் குறிப்புகளை வைத்து மான்லி நிரப்பினார்.

சுவடி பதிப்பித்தவர்களுக்கு இந்த வேலை பழக்கமானது. மூலம் எது, ஏடெழுதியவன் கைப்பிழை எது என்று பிரித்தாக வேண்டும். கருவி மாறினால், பார்க்கும் நேரம் மாறினால், எண்கள் திடீரென்று ஏறும் அல்லது இறங்கும். பக்கத்து நிலையங்களில் அந்த மாற்றம் இல்லையென்றால் அது வானிலையின் மாற்றம் அல்ல. தொடரை இன்று நீட்டிக்கொண்டு போகிறவர்களும், நகரங்கள் பெருத்ததால் கூடிய சூட்டைக் கழித்துவிடுகிறார்கள்.

அப்படித் திருத்திய எண்ணை நம்பலாமா? நியாயமான சந்தேகம். திருத்தாத எண் சுத்தமானது என்ற நினைப்புக்குத்தான் நியாயமில்லை. மான்லி தன் சந்தேகத்தை எண்ணிலேயே எழுதிவைத்தார். பிந்திய மாதங்களுக்குப் பத்தில் ஒரு டிகிரிவரை சொன்னவர், 1659 முதல் 1670 வரை முழு டிகிரியோடு நிறுத்திக்கொண்டார்.

நீளம் எதற்கு என்பதற்கும் தொடரிலேயே பதில் இருக்கிறது. 1730-கள் இதமானவை. 1739-இல் கணக்குப் பார்த்தவர், நாடு சூடேறிவிட்டதென்று தயங்காமல் எழுதியிருப்பார். மறுவருஷம் சராசரி 7 டிகிரி செல்ஷியஸுக்குக் கீழே போயிற்று; 1740-தான் தொடரின் மிகக் குளிர்ந்த வருஷம். பத்து வருஷச் சாய்வு ஏமாற்றும். நூற்றாண்டுகளின் ஊசலாட்டம் தெரிந்த பிறகே, அதை மீறுவது எது என்று சொல்ல முடியும். 2022-இல் வருஷச் சராசரி முதன்முறையாக 11 டிகிரியைத் தாண்டியது. அதைத் தனிப்பட்ட ஒரு வருஷமாக ஒதுக்க முடியாதபடி செய்வது, அதற்கு முந்திய முப்பது வருஷங்களின் ஏற்றம்.

அந்த ஏற்றம் தெளிவாகுமுன்பே, 1980-இல் மான்லி இறந்துவிட்டார். முடிவு தெரியாமல் திருத்தியவர் என்பதாலேயே அவர் பதிப்புக்கு எடை கூடுகிறது.